டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு வரி

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் வீடு என்றால் உள்ளே ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். ரயிலில் அசாமும் பஞ்சாபும் பார்த்துவிட்டு வந்த பெட்டி, இப்போது அதன்மேல் நெல் மூட்டை ஏறியிருக்கும். உள்ளே வேறு என்ன இருக்கிறதோ இல்லையோ, மஞ்சள் பையில் சுற்றிய டிஸ்சார்ஜ் புக் இருக்கும். சேர்ந்த தேதி, விட்ட தேதி, உயரம், மச்சம், தெரிந்த வேலை, போன சண்டை, வாங்கிய மெடல் எல்லாம் அதில் உண்டு. நடத்தை என்ற இடத்தில் 'எக்ஸம்ப்ளரி' என்று எழுதியிருந்தால், காப்பி வருவதற்குள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிடுவார்கள்.

ஆலங்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரரான என் சித்தப்பா (உறவு கொஞ்சம் சுற்றித்தான் வரும், ஆனால் சித்தப்பாதான்) எண்பதைத் தாண்டியவர். பதினைந்து வருஷம் சர்வீஸ் முடித்து, வங்கதேசப் போருக்கு மறு வருஷம் பென்ஷனோடு ஊர் திரும்பினார். அவருடைய புத்தகத்தில் 1965 போருக்கான ரக்‌ஷா மெடல் இருக்கிறது. 1971க்கு உரிய வரி மட்டும் காணோம். அந்தப் போர்க்காலத்தில் சீருடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சங்ராம் மெடல். கிழக்கு முனையில் நின்றவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் நின்றவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். சித்தப்பா நின்றது கிழக்கே. இரண்டு பதக்கம் வரவேண்டும், புத்தகத்தின்படி ஒன்றும் வரவில்லை.

இதில் யாரும் வஞ்சம் செய்துவிடவில்லை. போருக்கான பதக்கம் போர் நடக்கும்போது இருப்பதில்லை. சண்டை முடிந்த பிறகுதான் அரசு அதை நிறுவும், தகுதி விதி எழுதும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வரையறுக்கும். 1965 போரில் களத்தில் நின்றவர்களுக்கான சமர் சேவா ஸ்டாரே 1967இல்தான் பிறந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு யூனிட்டும் தகுதியானவர்களின் பெயரைப் பார்ட் டூ ஆர்டர் என்னும் பதிவு ஆணையில் வெளியிட வேண்டும். அது ரெக்கார்ட் ஆபீஸ் போய்ச் சேர்ந்து, ஆளின் கணக்கில் ஏறி, அப்புறம் நாணயச்சாலையில் அடித்த உலோகம் வந்து சேரவேண்டும். இதற்குள் ஆள் டிஸ்சார்ஜ் ஆகி, புத்தகத்தில் முத்திரை குத்தி, திருச்சி ஜங்ஷனில் இறங்கி, பஸ் ஏறி ஊருக்கு வந்து கடலை போட்டிருப்பார். மூடிய புத்தகத்தைத் தேடிவந்து யாரும் வரி சேர்ப்பதில்லை.

“டாக்காவுல நியாஜி அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான்ப்பா, நம்ம ஆபீஸ்லதான் இன்னும் போடல” என்பார் சித்தப்பா. 1971 டிசம்பர் 16இல் தொண்ணூற்று மூவாயிரம் பேரோடு சரணடைந்த பாகிஸ்தான் தளபதியைச் சொல்கிறார்.

பதக்கம்தான் வேண்டும் என்றால் அது கஷ்டமே இல்லை. தில்லி கன்டோன்மென்டில் கோபிநாத் பஜார் என்று ஓர் இடம். பட்டன், பெல்ட், ரிப்பன், பதக்கம் எல்லாம் வரிசையாகக் கடையில் தொங்கும். அரசு தரவேண்டிய பதக்கம் வருஷக்கணக்கில் தாமதமானபோது சர்வீஸில் இருப்பவர்களே காசு கொடுத்துப் போலிப் பதக்கம் வாங்கிக் குத்திக்கொண்டு பரேடுக்குப் போனார்கள். வாங்கி வரட்டுமா என்று நான் கேட்டதற்குச் சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஒரு பார்வை பார்த்தார். அந்த யோசனையை அத்தோடு விட்டேன்.

சேவைப் பதக்கத்தால் பணம் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீரதீரத்துக்கான விருதுகளுக்கு மாதப்படி உண்டு. 2017இல் அதை இரட்டிப்பாக்கினார்கள், பரம்வீர் சக்ராவுக்கு 20,000, வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய் என்று. சங்ராம் மெடலுக்கும் பூர்வி ஸ்டாருக்கும் ஒரு பைசா கிடையாது. அதனால் உறவினரில் பாதிப் பேர் “இத வச்சு என்னத்த பண்ணப் போற மாமா?” என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் மெடல் வரி விடுபட்ட அதே வழியாகத்தான் மற்ற வரிகளும் விடுபடுகின்றன. கல்யாணமானால் பார்ட் டூ ஆர்டர். பிள்ளை பிறந்தால் பார்ட் டூ ஆர்டர். அது வெளியாகவில்லை என்றால் ராணுவக் கணக்கில் அந்த ஆள் பிரம்மச்சாரி. இங்கே நாலு பிள்ளை பெற்றவளாக இருந்தாலும், அவர் கண்ணை மூடிய பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவி நடக்க வேண்டிய நடை கொஞ்சநஞ்சமல்ல. தாசில்தார் சான்று, நோட்டரி அஃபிடவிட், இரண்டு சாட்சி என்று அது நீளும்.

பெயரில் வரும் வம்பு தனி. நமக்குத் தகப்பன் பெயர் முன்னெழுத்து. ராணுவப் படிவத்துக்குக் குடும்பப் பெயர் வேண்டும். வடக்கத்திக் கிளார்க் ஒருவர் கையில் 'அடைக்கலம்' என்ற பெயர் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆள் சேர்ப்பு முகாமில் அவசரத்தில் எழுதியது ஷீட் ரோல் என்னும் சேவைப் பதிவேட்டில் ஏறி, அங்கிருந்து டிஸ்சார்ஜ் புக்கில் ஏறி, அங்கிருந்து பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணையில் ஏறிவிடும். பழைய காலத்தில் வங்கி மேனேஜர் ஆளைப் பார்த்துப் பணம் கொடுத்தார், ஓர் எழுத்து கூடிக் குறைந்தால் குடி முழுகவில்லை. இப்போது ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி ஏற்பாட்டுக்குள் போய்விட்டது. அது ஆதாரையும் பழைய பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. கணினிக்குச் சித்தப்பாவைத் தெரியாது.

பெயர்க் குழப்பம் தமிழனுக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்க வேண்டாம். கார்கில் போரில் டைகர் ஹில் மேல் ஏறிய 18 கிரனேடியர்ஸ் படைவீரர் யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம்வீர் சக்ரா அறிவித்தபோது 'மறைவுக்குப் பின்' என்று அறிவித்துவிட்டார்கள். அவரோ உடம்பெல்லாம் குண்டுக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். அதே படைப்பிரிவில் அதே பெயரில் இன்னொருவர் இறந்திருந்தார். நாட்டின் மிக உயர்ந்த விருதிலேயே இந்தப் பிசகு நேரலாம் என்றால் சாதாரண சிப்பாயின் சேவைப் பதக்கம் எம்மாத்திரம்? யாதவ் விஷயத்தில் நாடே பார்த்துக்கொண்டிருந்ததால் சீக்கிரம் சரியாயிற்று.

சித்தப்பா மனுப் போட்டார். எந்த ரெக்கார்ட் ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், சாப்பர்களுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர் என்று ஆளாளுக்கு ஓர் ஊர் இருக்கிறது, எல்லா ஊரிலும் பதில் ஒரே அச்சில்தான் வரும். ‘தங்கள் ஆவணத்தில் மேற்படி பதக்கம் பற்றிய பதிவு இல்லை. தகுதியை நிரூபிக்கும் ஆதாரம் இருந்தால் அனுப்பவும்.’ பதிவு இல்லை என்றுதானே மனுவே போட்டது! ஆதாரம் யாரிடம் இருக்கும்? யூனிட் எந்தத் தேதியில் எல்லை தாண்டியது என்ற போர் நாட்குறிப்பு அவர்களிடம். அன்று யார் யார் இருந்தார்கள் என்ற பெயர்ப்பட்டியல் அவர்களிடம். களப்படி கொடுத்த சம்பளக் கணக்கும் ராணுவக் கணக்குத் துறையிடம். சித்தப்பாவிடம் இருப்பது ஒரு புத்தகமும் முழங்காலில் ஒரு தழும்பும்தான்.

அந்தப் புத்தகமும் தப்பியது தெய்வச் செயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து போனபோது, தென்னையோடு சேர்த்து அவர் வீட்டு ஓட்டையும் பெயர்த்துக்கொண்டு போயிற்று. பெட்டிக்குள் தண்ணீர். வெயில் வந்ததும் டிஸ்சார்ஜ் புக்கை ஒவ்வோர் இதழாகப் பிரித்து, மேலே கூழாங்கல் வைத்துக் காயப்போட்டார்கள். மை கலங்கினாலும் படிக்கும்படி இருக்கிறது. அமெரிக்காவிலும் இப்படி ஒரு காய்ச்சல் நடந்தது. 1973 ஜூலை 12இல் செயின்ட் லூயிஸ் நகரத்து ராணுவ ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் தரைப்படையை விட்டவர்களின் கோப்புகளில் ஐந்தில் நான்கு பங்கு போயிற்று. தீயணைப்புத் தண்ணீரில் ஊறிய தாள்களை உலர்த்த, விண்வெளிக் கம்பெனி ஒன்றின் வெற்றிடக் கூடத்தைப் பயன்படுத்தினார்கள். அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. எரிந்துபோன ஆளின் சேவையைச் சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிச் சேர்க்கைக் குறிப்பு என்று வேறு துறைகளில் கிடந்த காகிதங்களிலிருந்து திரட்டி மறுபடி எழுதும் வேலையை அந்தக் காப்பகமே எடுத்துக்கொண்டது. விடுபட்ட பதக்கத்தைச் சேர்க்க அங்கே தனித் திருத்தத் தாள் உண்டு. மறுத்தால் முறையிட, 1946ஆம் வருஷச் சட்டத்தின்படி அமைந்த, சீருடை அணியாதவர்கள் உட்கார்ந்திருக்கும் வாரியம் உண்டு. அங்கேயும் வருஷக்கணக்கில் இழுக்கிறது என்பது வேறு கதை.

லண்டனில் இன்னும் வேடிக்கை. 1940இல் ஜெர்மன் குண்டு விழுந்து, முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துவிட்டன. பதக்கக் கணக்கு அட்டைகள் தப்பின. ஆகவே இன்று பேரனும் பேத்தியும் தாத்தாவின் சேவையைத் தேடுவது அந்தப் பதக்க அட்டைகளை வைத்து. அங்கே பதக்கம் சேவைக்குச் சாட்சி சொல்கிறது, இங்கே சேவை செய்தவர் பதக்கத்துக்குச் சாட்சி தேடி அலைகிறார்.

சித்தப்பாவாவது பென்ஷன்காரர், கோப்பு இருக்கிறது. ஏழெட்டு வருஷத்தில் பென்ஷன் இல்லாமல் திரும்பியவர்கள் பாடுதான் மோசம். அவர்களுடைய ஆவணங்களை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. மிஞ்சுவது 'லாங் ரோல்' என்ற பேரேட்டில் ஒற்றை வரி. நம்பர், பெயர், சேர்ந்தது, விட்டது, ஏன் விட்டது. போன போர் அதில் இருக்காது. ஆவணத்தை விதிப்படி அழித்தவர்களே ஆவணம் கேட்பதை என்னவென்று சொல்ல?

நீதிமன்றம் போகலாமே என்பார்கள். 2009இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்தது, சென்னையிலும் ஓர் அமர்வு இருக்கிறது. மறு வருஷமே தில்லி அமர்வு ஒரு பெரிய தீர்ப்புச் சொன்னது. கார்கிலில் படாலிக் பகுதியில் படைநடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங்கைப் பற்றி மேலதிகாரி பாரபட்சமாக எழுதினார் என்று கண்டு, அந்தப் போர் அறிக்கையின் பகுதிகளையே திருத்தச் சொன்னது. பிரிகேடியர் ஒருவருக்கே பதினோரு வருஷம் ஆயிற்று. ஆலங்குடியிலிருந்து ஒரு நாயக் இரண்டு பதக்கத்துக்காகச் சென்னைக்குப் போய் வக்கீல் வைப்பாரா? வைக்க வேண்டிய நிலைமையே வரக்கூடாது என்பதுதான் என் கட்சி. 2020 டிசம்பரில் தில்லியில் ஏற்றிய வெற்றி ஜோதிகள் 1971 போரின் பொன்விழாவுக்காக நாடு முழுக்க நாலு திசையிலும் சுற்றின. பழைய வீரர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். அதே வருஷம் அந்தப் போரில் இருந்த யூனிட்டுகளின் பெயர்ப்பட்டியலை எடுத்து, யார் கணக்கில் பதக்கம் ஏறவில்லை என்று நாலு கிளார்க்குகளை உட்கார வைத்துப் பார்த்திருந்தால் ஜோதிக்குச் செலவான மண்ணெண்ணெய்க் காசுகூட ஆகியிருக்காது.

எங்கள் கடற்கரைப் பக்கம் இன்னொரு வகை உண்டு. மணமேல்குடியிலோ கோட்டைப்பட்டினத்திலோ நின்றால் அக்கரை யாழ்ப்பாணம். 1987இல் அமைதிப்படையில் போனவர்களுக்கு 'ஸ்ரீலங்கா' என்ற பட்டையோடு சேவைப் பதக்கம் முறையாகக் கிடைத்தது, புத்தகத்திலும் ஏறியது. 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஊரின் மனநிலையும் அப்படித்தான் இருந்தது. அந்த ரிப்பனைக் குத்திக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போன ஒரு தமிழ்ச் சிப்பாயையும் நான் பார்த்ததில்லை. அது வேறு கணக்கு, இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

இந்த வாரம் சித்தப்பா கதைக்கு வருவோம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் தெரிந்த ஒருவர் சொன்ன வழி இது. பதக்கம் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் ஷீட் ரோலின் நகலையும், 1971 டிசம்பரில் உங்கள் யூனிட் எங்கே இருந்தது என்ற விவரத்தையும், அந்த யூனிட்டுக்குப் பூர்வி ஸ்டார் வெளியிட்ட பார்ட் டூ ஆர்டரின் நம்பரையும் கேளுங்கள். நம்பர் கைக்கு வந்தால் ‘ஆதாரம் அனுப்பவும்’ என்று அவர்கள் எழுத முடியாது. இ-சேவை மையத்தில் உட்கார்ந்து நானும் அவரும் அதை அனுப்பினோம்.

ஷீட் ரோல் நகல் வந்தது. ஆர்டர் நம்பர் இன்னும் வரவில்லை. நகலைப் புரட்டியபோது கண்ணில் பட்டது வேறு. மனைவி என்ற கட்டத்தில் சித்தியை ஊரில் கூப்பிடும் பெயர் இருக்கிறது. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இருப்பது ஜாதகப் பெயர். இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெடல் கெடக்கட்டும்ப்பா. மொதல்ல இவ பேர மாத்துறதுக்கு ஒரு மனு எழுது” என்றார்.

“ரெண்டையும் சேத்தே எழுதிரலாமே சித்தப்பா?”

“சேத்து எழுதுனா ஒண்ணைக் காரணம் காட்டி இன்னொண்ணத் திருப்புவான். எனக்குத் தெரியாதா, நானும் ஆபீஸ்ல டூட்டி பாத்தவன்தான்.”

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு அஃபிடவிட், கல்யாணப் பத்திரிகை, வி.ஏ.ஓ. சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு போகிறோம். பத்திரிகை கஜாவில் நனைந்ததுதான், பெண் பெயர் இருக்கும் இடம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.