எரிவதற்கென்று ஓர் எண்ணெய்

இப்பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பையும், வீட்டுச் செலவையும், நோய்க்கேற்ற உணவையும் பற்றியனவாகவே இருக்கும். சென்ற கிழமை வந்தவற்றுள் ஒன்று மோட்டார் எண்ணெயைப் பற்றியது. எழுதியவர் உயர்தர வகுப்பிற் படிக்கும் மாணவர். அவருடைய தமையனார் மெல்பேணில் வேலை பார்க்கிறார். மூன்று ஆண்டுகள் சேர்த்த பணத்தைக் கொடுத்து, 2005ஆம் ஆண்டில் உருவான மஸ்டா ஆர்.எக்ஸ். 8 என்னும் பாவித்த கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். வாங்கி ஒரு மாதம் ஆவதற்குள் அவரைச் சுற்றி இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன.

கராஜ்காரர், சாதாரணக் கனிய எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது என்கிறார். உடன் தங்கியிருக்கும் நண்பரோ, விலை உயர்ந்த செயற்கை எண்ணெயே எஞ்சினைக் காக்கும் என்று சத்தியம் செய்கிறார். தம் சொல்லைக் கேளாவிடின் எஞ்சின் போய்விடும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகின்றனர். எஞ்சின் போனால், அதைத் திருத்தும் செலவு கார் வாங்கிய விலையையே விஞ்சக்கூடும். “அண்ணா வீட்டுக்கு அனுப்பும் பணமும் அதிலேதான் போய்விடும். எந்த எண்ணெய் என்று ஒரு வரியில் எழுதுங்கள், ஐயா” என்று மாணவர் கடிதத்தை முடித்திருக்கிறார்.

ஒரு வரியில் எழுதலாம். ஆனால் கராஜ்காரரும் ஒரு வரியிற்றான் சொன்னார். நண்பரும் ஒரு வரியிற்றான் சொன்னார். காரணம் தெரியாத மூன்றாவது வரி ஒன்று எதற்கு? ஆதலால் மாணவர் சற்றுப் பொறுத்து முழுவதையும் படிக்க வேண்டும்.

நம் வீதிகளில் ஓடும் கார்களின் எஞ்சினில் பிஸ்டன்கள் உருளைக்குள் மேலும் கீழும் ஓடுகின்றன. ஆர்.எக்ஸ். 8 இல் பிஸ்டனே கிடையாது. அதில் உள்ளது ‘ரோட்டரி’ எனப்படும் சுழல் எஞ்சின். கச்சான் கோது போல நடுவிற் சற்றே ஒடுங்கிய அறை ஒன்றினுள், பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளும் எந்நேரமும் அறைச்சுவரைத் தொட்டபடியே செல்லும். சுழலிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மூன்று வெளிகளும் சுற்றச் சுற்றப் பெருத்தும் சிறுத்தும் வருவதால், பெற்றோலும் காற்றும் உறிஞ்சப்பட்டு, அமுக்கப்பட்டு, எரிந்து, புகையாய் வெளியேறுகின்றன. சுழலி ஒரு முறை சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடும். ஆர்.எக்ஸ். 8 இல் இத்தகைய அறைகள் இரண்டு. இரண்டின் கொள்ளளவும் சேர்ந்து 1308 கன சென்ரிமீற்றர்.

சுழலியின் முனை ஒவ்வொன்றிலும் மெல்லிய தகடு ஒன்று வில்லினால் உந்தப்பட்டுச் சுவரை உராய்ந்துகொண்டு நிற்கிறது. எஞ்சினின் உயிர் அத்தகட்டிலேயே இருக்கிறது எனலாம். தகடு தேய்ந்தால் அமுக்கம் கசியும். அமுக்கம் கசிந்தால் வலு குறையும், சூடேறிய எஞ்சின் மீண்டும் கிளம்ப மறுக்கும்.

இத்தகட்டுக்கு எண்ணெய் எவ்வாறு போய்ச் சேர்கிறது? பிஸ்டன் எஞ்சினில் எண்ணெய் கீழிருந்து உருளைச் சுவரிற் படிகிறது. வளையங்கள் அதை வழித்து மீண்டும் கீழே இறக்கிவிடுகின்றன. ஆகவே அங்கே எண்ணெய் பெருமளவில் எரிவது நோயின் அறிகுறி. சுழல் எஞ்சினின் அறைக்கோ அவ்வாறு ‘கீழ்’ என்று ஒரு பக்கமே இல்லை. எனவே சிறிய பம்பி ஒன்று எண்ணெய்த் தொட்டியிலிருந்து சிறிது சிறிதாக அளந்தெடுத்து அறைக்குள்ளே விடுகிறது. அந்த எண்ணெய் தகட்டை நனைத்துவிட்டுப் பெற்றோலோடு சேர்ந்து எரிந்து போகிறது. எண்ணெய் குறைவது இங்கே நோயன்று. உண்மையில், குறையாமலிருந்தாற்றான் பயப்பட வேண்டும்!

அதே எண்ணெய்க்கு வேறொரு பெரிய வேலையும் உண்டு. அறைச்சுவரைத் தண்ணீர் குளிர்விக்கிறது; சுழலியின் உட்புறத்தைக் குளிர்விப்பது எண்ணெயே.

வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. வடை சுடும் எண்ணெயிலும் விளக்கு எண்ணெயிலும் நாம் எதிர்பார்க்கும் குணங்கள் வெவ்வேறு. தாச்சியில் ஊற்றுவது, எவ்வளவு சூடேறினும் கருகாதிருக்க வேண்டும். விளக்கில் ஊற்றுவது, புகையும் கசடும் விடாமல் எரிந்து தீர வேண்டும். சுழல் எஞ்சினோ ஒரே எண்ணெயைத் தாச்சியிலும் ஊற்றுகிறது, விளக்கிலும் ஊற்றுகிறது. மெல்பேண் சண்டை முழுவதும் இதிலிருந்து பிறந்ததே.

முனைத்தகட்டைப் பற்றிய கவலை இன்று நேற்று வந்ததன்று. ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கெல் கண்ட இந்த எஞ்சின், என்.எஸ்.யு. கொம்பனியில் 1957ஆம் ஆண்டு முதன்முதலாக ஓடியது. 1967இல் அக்கொம்பனி வெளியிட்ட ‘ரோ 80’ என்னும் கார், அடுத்த ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தெரிவு செய்யப்பட்டது. பரிசு கிடைத்தது, ஆனால் தகடுகள் தேய்ந்தன. உத்தரவாதத்தின் பேரில் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே கொம்பனி பெரும் நட்டமடைந்தது. 1969இல் அது வொல்க்ஸ்வாகன் குடும்பத்துக்குள் இணைந்துவிட்டது.

ஹிரோஷிமாவிலிருந்த தோயோ கோக்யோ கொம்பனி, அதாவது இன்றைய மஸ்டா, 1961இல் ஜேர்மனியரோடு ஒப்பந்தம் செய்து இதே எஞ்சினை எடுத்தது. அங்கும் அறைச்சுவரில் வரிவரியாக வடுக்கள் விழுந்தன. ‘பிசாசின் நகக்கீறல்’ என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள். கெனிச்சி யமமோட்டோ என்பவரின் தலைமையில் 47 பொறியியலாளர் இதற்கென்றே அமர்த்தப்பட்டனர். யப்பானியர் கதைகளில் வரும் 47 வீரரோடு ஒப்பிட்டு அவர்களைப் பேசுவதுண்டு. கரியில் அலுமினியத்தை ஊட்டிச் செய்த தகடுதான் முடிவில் கைகொடுத்தது. 1967ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘கொஸ்மோ ஸ்போர்ட்’ வெளிவந்தது. யமமோட்டோ பின்னாளில் அக்கொம்பனியின் தலைவராகவும் ஆனார். 1991இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், நான்கு சுழலிகள் கொண்ட மஸ்டா கார் முதலாவதாக வந்தது. ‘இது பலவீனமான எஞ்சின்’ என்று கராஜ் வாசலில் நின்று சொல்பவர்களுக்கு அது போதிய விடை.

இனி எண்ணெய்க்கு வருவோம். கராஜ்காரரின் அச்சத்துக்குப் பழைய காரணங்கள் இரண்டு உள. 1970களிற் கார்களுக்கென்று கடைகளுக்கு வந்த செயற்கை எண்ணெய்களுட் சில, இறப்பர் வளையங்களை ஊதச் செய்தன அல்லது சுருங்கச் செய்தன. சுழலியின் பக்கங்களில் எண்ணெயைத் தடுத்து வைப்பவையும் இறப்பர் வளையங்களே. மற்றது, செயற்கை எண்ணெய் வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அப்படிப்பட்டது அறைக்குள் ஒழுங்காக எரியாமற் கசடாகப் படிந்து, தகட்டை அதன் பள்ளத்திலேயே இறுக்கிவிடும் என்று கருதினர். மஸ்டாவின் அமெரிக்கக் கிளையும் சுழல் எஞ்சினுக்குச் செயற்கை எண்ணெயை நெடுங்காலம் சிபாரிசு செய்யவில்லை. ஆகவே கராஜ்காரரைப் பழமைவாதி என்று சிரித்துத் தள்ளுவது நியாயமன்று.

ஆனால் காலம் மாறிவிட்டது. முதலாவது அச்சம் இன்றைய எண்ணெய்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இரண்டாவதை ஆராய்ந்தால் ஒரு வேடிக்கை வெளிப்படும். எரிந்தபின் சாம்பலாக எஞ்சுவது பெரும்பாலும் மூல எண்ணெயன்று. அதிற் கலக்கும் சேர்க்கைப் பொருள்களிலுள்ள கல்சியம், மக்னீசியம், நாகம் முதலிய உலோகங்களே. அவை கனிய எண்ணெயிலும் உண்டு, செயற்கை எண்ணெயிலும் உண்டு. அன்றியும், குளிரிலும் சூட்டிலும் பிசுக்குமை அதிகம் மாறாதிருக்கக் கனிய எண்ணெயில் ஒருவகைப் பல்பகுதியத்தைக் கூடுதலாகக் கலக்க வேண்டியிருக்கிறது. அதுவும் எரிந்தால் படிவு விடுவதே. இரண்டு டின்களில் எது குறைந்த சாம்பல் விடும் என்பதை, அவற்றின் மேல் ‘கனியம்’ என்றோ ‘செயற்கை’ என்றோ எழுதியிருப்பதைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

அந்தச் சொல்லுக்குத்தானும் ஒரே பொருள் இருக்கிறதா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் இரண்டு பெரிய எண்ணெய்க் கொம்பனிகளுக்கு இடையே எழுந்த விளம்பரத் தகராறு 1999இல் தீர்க்கப்பட்டபோது, கடுமையாகச் சுத்திகரித்த கனிய எண்ணெயையும் ‘செயற்கை’ என்று விற்கலாம் என்று முடிவாயிற்று. நண்பர் சத்தியம் செய்யும் டின்னுக்குள் இருப்பதும் நிலத்தடி எண்ணெயின் பேரப்பிள்ளையாக இருக்கலாம்!

நண்பரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. நல்ல செயற்கை எண்ணெய் கடுங்குளிரில் விரைந்து பாயும், கடுஞ்சூட்டிலும் கெடாது. 1990களில் வெளிவந்த, இரட்டை ‘டேர்போ’ பூட்டிய ஆர்.எக்ஸ். 7 போன்ற கார்களில், அந்தச் சுழல்விசிறியின் அச்சைச் சுற்றிக் கருகாமல் நிற்பதற்கு அது மிக உதவும். பந்தயத்துக்கு ஓட்டுபவர்களுக்கும் அவ்வாறே. ஆனால் ஆர்.எக்ஸ். 8 இல் டேர்போ இல்லை. மெல்பேணில் உறைபனிக் குளிரும் அருமை. அலுவலகத்துக்கும் கடைக்கும் ஓடும் காருக்கு இந்நன்மைகள் எவ்வளவு வேண்டும்?

செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். செயற்கை எண்ணெயின் விலைக்குச் சொல்லப்படும் முக்கிய நியாயம், அது நெடுநாள் உழைக்கும் என்பது. சுழல் எஞ்சினில் எரியாத பெற்றோல் எண்ணெயோடு கலந்து அதைக் கெடுப்பதால், அனுபவசாலிகள் 5000 கிலோமீற்றருக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றிவிடுகின்றனர். இடையிலோ ஒரு பங்கு எரிந்தே போகிறது. நெடுநாள் உழைக்கும் என்று அதிக விலை கொடுத்து வாங்கி, சில நாளில் வெளியே ஊற்றுவதும் எரிப்பதும் சிக்கனமாகுமா? வீட்டுக்குப் பணம் அனுப்பும் இளைஞர் யோசிக்க வேண்டிய இடம் இது.

நான் அந்த இளைஞரின் நிலையிலிருந்தால், பெயர்பெற்ற கொம்பனியின் சாதாரண எண்ணெயை, காரோடு வந்த கைநூல் அந்நாட்டுக்குச் சொல்லும் பிசுக்குமையிற் பார்த்து வாங்கி, அடிக்கடி மாற்றுவேன். நாட்டையும் கவனிக்க வேண்டும். இதே காருக்கு அமெரிக்காவில் 5 டபிள்யூ 20 என்றும், ஐரோப்பாவில் அதனிலும் தடித்த 5 டபிள்யூ 30 என்றும் கூறினார்கள். செயற்கை எண்ணெயையே ஊற்ற விரும்பினால் ஊற்றலாம். சாம்பல் குறைந்த வகையாகப் பார்த்தெடுக்க வேண்டும், அவ்வளவே. இவ்விரண்டில் எதை ஊற்றியதாலும் மட்டும் அந்த எஞ்சின் போய்விடாது.

இதற்கு மஸ்டாவே சாட்சி. 2004 முதல் 2008 வரை அமெரிக்காவில் விற்ற ஆர்.எக்ஸ். 8 கார்களின் எஞ்சினுக்கு, உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 100,000 மைல் என்று அக்கொம்பனி நீட்ட வேண்டி வந்தது. பின்னர் 2009ஆம் ஆண்டு மாதிரியில் செய்த திருத்தங்களுள் ஒன்று என்ன? அறை ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விடும் துளைகளை இரண்டிலிருந்து மூன்றாக்கினர். தகட்டின் நடுப்பகுதிக்கும் எண்ணெய் போய்ச் சேரச் செய்தனர். எண்ணெயின் இனத்தைவிட, அது வேண்டிய இடத்தை அடைவதே அங்கே பெரிதாகக் கருதப்பட்டது.

தமையனாரின் கார் 2005ஆம் ஆண்டினது. அதற்கு அந்த மூன்றாவது துளை இல்லை. இத்தகைய கார் வைத்திருப்பவர் பலர், இருபக்க விவாதத்தையும் விட்டு வேறு வழியிற் போகிறார்கள். பெற்றோல் நிரப்பும்போதே, எரிவதற்கென்று செய்த ‘இரண்டடி’ எஞ்சின் எண்ணெயை லீற்றருக்கு நாலைந்து மில்லிலீற்றர் வீதம் தாங்கியில் ஊற்றிவிடுகின்றனர். நம் கரையோரங்களில் வள்ளத்து எஞ்சினுக்கு எரிபொருளோடு எண்ணெய் கலப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. விளக்குக்கு விளக்கெண்ணெய், தாச்சிக்குத் தாச்சி எண்ணெய் என்று பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். எனக்கு இம்முறையிற் பெரிதும் விருப்பம். ஆனால் அதை நம்பிக் காரிலுள்ள பம்பியைக் கழற்றிவிடக் கூடாது. ஒரு நாள் கலக்க மறந்தால் அன்றைக்கே தகடு வறளும்.

இவையெல்லாம் கிடக்க, தம்பி, உமது கடிதத்தில் இல்லாத ஒன்றே என்னைக் கலங்கச் செய்தது. எந்த எண்ணெய் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர். இப்போது எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று ஒரு சொல்லும் இல்லை. இந்தக் கார் ஏறத்தாழ 1500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடிக்கும். வண்டிக்கு வண்டி கூடலாம், குறையலாம். வேறு கார் ஓட்டிப் பழகியவர்கள், அடுத்த பராமரிப்பு வரை மூடியைத் திறப்பதே இல்லை. கனிய எண்ணெயா செயற்கை எண்ணெயா என்று மேலே விவாதம் நடக்க, கீழே தொட்டி வற்றிக்கொண்டிருக்கும்.

ஆகையால் அண்ணாவுக்கு இன்றே எழுதும். காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, எண்ணெய் அளவுக் கம்பியை எடுத்துத் துணியால் துடைத்து, மறுபடியும் இட்டுப் பார்க்கச் சொல்லும். இரண்டு முறை பெற்றோல் நிரப்பினால் ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும். ஒரு லீற்றர் டின் எப்போதும் காரின் பின்பெட்டியில் இருக்கட்டும். சுழல் எஞ்சினுக்குரிய கருவி வைத்திருக்கும் கராஜில் அமுக்கப் பரிசோதனையும் செய்வித்துக்கொள்வது நன்று; சாதாரண அமுக்கமானி மூன்று முனைகளையும் தனித்தனியே காட்டாது. கம்பியில் எண்ணெய் எந்தக் கோட்டில் நின்றது என்று அண்ணா எழுதியதும், அதை எனக்கும் தெரிவியும்.