விருந்தோம்புவார் இல்லாத ஊர்கள்

புகழ்பெற்ற நகரங்களைத் தனியொருவராய்ச் சுற்றிவந்து, "இவ்வளவுதானா?" என்ற கேள்வியோடு வீடு திரும்புவோரை இன்று அடிக்கடி காண்கிறோம். பாரிஸ், வெனிஸ், உரோமை, பார்சலோனா என்று பல்லாண்டு கனவு கண்டு, அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தைச் செலவிட்டு, போய்ப் பார்த்து, படமும் எடுத்துக்கொண்டு, உள்ளத்தில் ஏதும் ஒட்டாமல் திரும்புகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் மறுமொழிகள் எவை? "கூட்டம் குறைந்த மாதத்தில் போயிருக்க வேண்டும்" என்பர் சிலர். "எதிர்பார்ப்பு மிகுதி" என்பர் வேறு சிலர். "உனக்கு இரசிக்கத் தெரியவில்லை" என்று முடித்துவிடுவாரும் உண்டு. இம்மறுமொழிகள் யாவும் குற்றத்தைப் பயணியின் தலையிலேயே சுமத்துகின்றன. இவற்றை நாம் மறுக்கிறோம். ஏமாந்தவர் சொல்வது உண்மை. அந்நகரங்களில் இருக்க வேண்டிய ஒன்று இல்லாமற் போயிருக்கிறது. இல்லாததை இல்லையென்று உணர்ந்தவரை நன்றியற்றவர் என்றோ, நோயாளி என்றோ சொல்வது முறையாகாது.

நோயாளி என்று நாம் குறிப்பிட்டது மிகையன்று. 1980-களில் பாரிஸ் மாநகரின் மருத்துவமனையொன்றில் பணியாற்றிய ஹிரோவாகி ஓட்டா என்ற ஜப்பானிய மனநல மருத்துவர், ஆசையோடு அந்நகருக்கு வந்து மனங்குலைந்துபோன தம் நாட்டவர் சிலரைக் கவனித்தார். அந்நிலைக்குப் 'பாரிஸ் நோய்க்குறி' என்று பெயரும் எழுந்தது. ஆண்டுக்கு ஒருசிலரே அவ்வாறு பாதிக்கப்பட்டனர். மருத்துவர் தம் கடமையைச் செய்தார். அவரை நாம் குறைகூறவில்லை. ஆனால் அப்பெயர் செய்தித்தாள்களின் கையில் அகப்பட்டபின், பாரிசில் மனஞ்சோர்ந்தவர் எவரும் நகைப்புக்கு இலக்கானார்.

அங்கே காணக் கிடைப்பதுதான் என்ன? மோனா லிசா ஓவியத்தின் உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 53 சென்டிமீட்டர். தடித்த கண்ணாடிக்குப் பின்னே, தடுப்புக்கு அப்பால், உயர்த்திய கைப்பேசிகளின் இடுக்கில் அதைக் காண வேண்டும். அது தொங்கும் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு 2024-ஆம் ஆண்டில் வந்தவர்கள் ஏறத்தாழ 87 இலட்சம் பேர். 2025 சூன் 16 அன்று அங்குள்ள ஊழியர்களே நெரிசல் தாங்காமல் வேலையை நிறுத்த, கதவுகள் சில மணி நேரம் மூடிக்கிடந்தன. நாள்தோறும் நின்று பழகியவர்களுக்கே பொறுக்கவில்லை. ஒருநாள் நின்றவர் பொறுக்கவில்லை என்றால் அதற்கு மட்டும் நோய் என்று பெயரா?

எனினும் நெரிசலே காரணம் என்று நாம் சொல்லவில்லை. செப்டம்பர் 8 அன்று வேளாங்கண்ணியில் இல்லாத நெரிசலா? கால்வைக்க இடமின்றி, கடற்கரை மணலில் படுத்தெழுந்து, விடுதிக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு (அதைப்பற்றித் தனியே எழுத வேண்டும்) வரும் நம் மக்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்டு நாம் அறியோம். கூட்டம் களைப்பைத் தரும். வெறுமையைத் தருவது வேறொன்று.

இலத்தீன் மொழியில் 'ஹோஸ்பெஸ்' என்றொரு சொல் உண்டு. விருந்தினருக்கும் அச்சொல்லே, விருந்தோம்புவாருக்கும் அச்சொல்லே. ஒருவர் இன்றி மற்றவர் இல்லை என்பதை அம்மொழி அறிந்திருந்தது. ஹோட்டல் என்ற பெயரும் அவ்வேரில் முளைத்ததே. இன்றைய சுற்றுலா நகரம் அச்சொல்லின் ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை வெளியே அனுப்பிவிட்டது. வருவோர் இலட்சக்கணக்கில் வருகிறார்கள். வரவேற்கத்தான் அங்கே யாருமில்லை.

வெனிசைப் பாருங்கள். 1951-இல் அப்பழைய தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தனர். 2009-இல் அத்தொகை 60,000-க்குக் கீழே இறங்கியபோது, ஊர்மக்கள் சவப்பெட்டி ஒன்றைப் படகிலேற்றி நீர்வழியே கொண்டுசென்று, தங்கள் நகருக்குத் தாங்களே இறுதிச்சடங்கு நடத்தினார்கள். 2022-இல் 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. அடுத்த ஆண்டு, பயணியருக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போர் எண்ணிக்கையை விஞ்சிவிட்டதென்று அவ்வூர்க் குடிமக்கள் அமைப்பொன்று கணக்கிட்டுச் சொன்னது. ரியால்டோ பாலத்தின் அருகே ஒரு மருந்துக்கடைச் சன்னலில் 2008-ஆம் ஆண்டு ஒரு மின்பலகை வைத்தார்கள். நகரில் எஞ்சியிருப்போர் தொகையை அது காட்டியது. மருந்துக்கடையில் வைத்தது பொருத்தமே. நோயாளியின் காய்ச்சலைக் குறித்துவைப்பது வழக்கந்தானே! மெய்யாகவே நோயுற்றது எது என்பதை அம்மருந்துக்கடைக்காரர் அறிந்திருந்தார்.

இந்நோய் பரவும் விதம் எளியது. ஒரு வீட்டைக் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைக் காட்டிலும், பயணியருக்கு நாள் வாடகைக்கு விட்டால் உடைமையாளருக்கு வருவாய் கூடுதல். குடும்பம் பாலத்தைக் கடந்து பெருநிலத்திலுள்ள மெஸ்த்ரேவுக்குக் குடிபெயர்கிறது. வாங்குவார் குறைந்து ரொட்டிக்கடை மூடப்படுகிறது; அவ்விடத்தில் முகமூடி விற்கும் கடை திறக்கிறது. பிள்ளைகள் இல்லாத தெருவில் பள்ளிக்கு என்ன வேலை? பங்கு மக்கள் இல்லாத பங்கில் ஆலயமணி யாரை அழைக்கும்? இன்று அந்நகரின் ஆலயங்கள் பலவற்றில் வழிபாட்டு நேரம் தவிர மற்ற வேளைகளில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். பழைய கட்டடங்களைப் பேணப் பணம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஆயினும் இறைவனின் வீட்டு வாயிலில் சீட்டுக் கிழிக்கும் மேசையைக் காணும்போது நமக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

நகராட்சி கண்ட மருந்து இன்னும் விந்தையானது. 2024 ஏப்ரல் 25 முதல், குறித்த சில நாட்களில், பகலில் மட்டும் வந்துபோகும் பயணி 5 யூரோ நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றார்கள். 2025-இல் கடைசி வேளையில் பதிவு செய்வோருக்கு அது 10 யூரோ ஆயிற்று. இக்கட்டணத்தால் மெஸ்த்ரே சென்ற குடும்பம் ஒன்றேனும் திரும்பி வருமா? சீட்டு வாங்கி நுழைபவர் விருந்தினர் அல்லர், வாடிக்கையாளர். அவர் கண்காட்சி காண வந்ததாகவே எண்ணுவார், எண்ணியபடியே நடந்துகொள்வார்.

இந்த வெறுமை எல்லாருக்கும் ஒரேயளவில் புலப்படுவதில்லை. குடும்பமாகவோ குழுவாகவோ செல்வோர் தங்கள் வீட்டையே உடன் தூக்கிச் செல்கிறார்கள். அவர்களது பேச்சும் சிரிப்பும் சண்டையும் சுற்றியுள்ள வெறுமையை மூடிவிடுகின்றன. தனியே செல்பவருக்கு அத்திரை இல்லை. அவர் ஊரையே நம்பி வருகிறார். விடுதியிலோ சுற்றுலாத் தொகுப்பிலோ ஒற்றையாள் என்பதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். இருவர் அமரும் மேசையை ஒருவருக்குக் கொடுக்க உணவகத்தார் முகஞ்சுளிக்கிறார்கள். அறைச் சாவியைக்கூட எவரும் கையில் தருவதில்லை. கதவருகே எண்பூட்டுப் பெட்டி ஒன்று தொங்கும். கைப்பேசியில் வந்த எண்களை அழுத்திச் சாவியை அவரே எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு சென்று வந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "ஃபாதர், பன்னிரண்டு நாளில் ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை." அவர் ஓவியத்தைக் குறைகூறவில்லை, கோபுரத்தையும் குறைகூறவில்லை. தனிப்பயணத்தில் உன்னையே நீ கண்டடைவாய் என்று விளம்பரங்கள் அவருக்கு வாக்களித்திருந்தன. பேர் கேட்பாரில்லாத ஊரில் எவர் எதைக் கண்டடைவது?

அயலாரை ஏற்பது எப்படியென்று அதே ஐரோப்பா ஒருகாலத்தில் அறிந்திருந்தது. உரோமையில் புனித பிலிப்பு நேரி 1548-இல் திருப்பயணிகளுக்காக ஒரு சபையைத் தொடங்கினார். 1550-ஆம் ஆண்டு யூபிலிக்கு வந்த ஏழைப் பயணிகளுக்கு அச்சபையார் படுக்கை கொடுத்து, உணவு பரிமாறி, நடந்து புண்பட்ட கால்களைக் கழுவிவிட்டனர். அவ்வேளையிலும் உரோமை விடுதிக்காரர்களுக்கு ஆசை இல்லாமலில்லை. அன்றைய உலகம் புனிதமானது என்று நாம் வாதிடவில்லை. ஆனால் விடுதிக்காரருக்கு எதிரே, காசு கேளாத ஒரு வாசலும் திறந்திருந்தது. ஊராரில் சிலரேனும் வந்தவரின் காலைத் தொட்டனர்.

ஊரார் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பார்சலோனாவில் 2024 சூலையில் வாடகை உயர்வால் வெகுண்ட மக்கள் ஊர்வலம் சென்றபோது, உணவகங்களில் அமர்ந்திருந்த பயணியர்மீது சிலர் விளையாட்டுத் துப்பாக்கியால் நீரைப் பீய்ச்சினார்கள். அவர்கள் சினம் நேர்மையானது, இலக்குதான் தவறு. சுற்றுலாக் குடியிருப்புகளுக்கான உரிமங்களை 2028 நவம்பருக்குமேல் நீட்டிப்பதில்லை என்று அந்நகராட்சி அறிவித்திருக்கிறது. நுழைவுச்சீட்டைக் காட்டிலும் இது அறிவார்ந்த வழி. வீடு திரும்பக் கிடைத்தால் குடும்பம் வரும். குடும்பம் வந்தால் ரொட்டிக்கடை வரும்.

"பெரிய நகரங்களை விடுங்கள், எவரும் அறியாத சிற்றூர்களுக்குச் செல்லுங்கள்" என்று இப்போது புதிதாக அறிவுரை கூறுகிறார்கள். ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்னும் ஏரிக்கரைச் சிற்றூர் உண்டு. குடியிருப்போர் ஏறத்தாழ 750 பேர். கோடையில் ஒரே நாளில் வருவோர் 10,000 பேர்வரை. 2012-இல் சீனாவில் அவ்வூரின் நகல் ஒன்றையே கட்டித் திறந்தார்கள். படமெடுப்போர் தொல்லை பொறுக்காமல் 2023 மே மாதத்தில் ஏரிக்காட்சியை மறைத்து ஊரார் மரவேலி எழுப்பினர். கண்டனம் எழவே சில நாட்களில் அதைப் பிரித்துவிட்டனர். எவரும் அறியாத ஊர் என்று விளம்பரம் செய்யப்படும் ஊருக்கெல்லாம் இதுவே கதி.

சுற்றுலா நிறுவனங்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். விடுதிக்கு எத்தனை நட்சத்திரம், சன்னலைத் திறந்தால் என்ன காட்சி என்பதையெல்லாம் அச்சிடுகிறீர்கள். அவ்விடுதி இருக்கும் தெருவில் இன்னும் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதையும் அதே தாளில், அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். கணக்கெடுப்பது கடினமென்று சொல்லாதீர்கள். வெனிசில் அதை ஒரு மருந்துக்கடை செய்துகாட்டியிருக்கிறது.