கையில் இருப்பது பொம்மையல்ல, சாட்சி!

உங்கள் சட்டைப்பையில் இருப்பது என்ன என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

1995 ஜூலை 31 அன்று ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அன்று பேசினாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. செல்போன் பணக்காரனின் பகட்டுப் பொருள். 2000 நவம்பரில் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் கேமரா வைத்த போனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையம் தண்ணீர்ப் பந்தல் தண்ணீரைப் போல மலிந்தது. இன்று காரியாபட்டி பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். பூக்கட்டும் அம்மா கையிலும் கேமரா, டீக்கடைப் பையன் கையிலும் கேமரா!

கருவி வந்துவிட்டது. அதைப் பிடிக்கும் கைக்குப் பொறுப்பு வந்ததா? அதுதான் நம் கேள்வி.

வேடிக்கை பார்க்கவா கேமரா?

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் தீ. பலியானோர் நாற்பதை நெருங்கினர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல! உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்தடுத்து வெடித்த சரக்கு அவர்களைக் கொண்டுபோனது.

அந்தப் பாடத்தைப் படித்தோமா? இன்றும் எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் ஓடுகிற கால்களுக்கு முன்னால் போனைப் பிடித்த கை நீள்கிறது. கருகிய உடல்களைப் படமெடுத்து, அந்த வீட்டுக்குத் தகவல் போகுமுன்னே ஊர்க் குரூப்பில் போடுகிறார்கள். பெற்ற தாய் தன் பிள்ளையின் முகத்தைப் பக்கத்து வீட்டான் போனில் பார்க்க வேண்டுமா? இது செய்தியா? இல்லை, இரக்கமற்ற செயல்!

2024 மே 1 அன்று நம் காரியாபட்டி வட்டாரத்தில் ஆவியூர் அருகே கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த வினாடியைப் பதிவு செய்த காட்சி எல்லோர் போனுக்கும் வந்தது. சரி, வெடித்த வினாடியைப் பார்த்தோம். வெடிப்பதற்கு முந்தைய நாட்களை யார் படமெடுத்தது? குடியிருப்புக்குப் பக்கத்தில் அனுமதியில்லாமல் பட்டாசு சுற்றும் வீடுகளும், சாலையோரம் வெயிலில் காயும் சரக்கும், பாதுகாப்பில்லாமல் ஏற்றிப் போகும் வண்டியும் நம் கண்ணில் படுவதே இல்லையா? வெளியிலிருந்து எடுத்த ஒரே ஒரு படம், தேதியோடும் இடத்தோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருந்தால்? (ஆலைக்குள் மட்டும் போனைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே அதற்குத் தடை. காரணம் உங்கள் உயிர்தான்.)

பொய்க்குக் கால் கொடுத்தது யார்?

2018-இல் "பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பொய் கிளம்பியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பகுதியில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊரே கூடி அடித்துக் கொன்றது. பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்றார்கள். மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஒரே நாளில் ஐந்து பேர். அதன் பிறகுதான் வந்த ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

2020 ஏப்ரலை மறந்தீர்களா? கொரோனாவைப் பரப்புகிறோம் என்று நம் மீது பழி போட்டு, எங்கேயோ என்றைக்கோ எடுத்த பழைய வீடியோக்களை நாடெங்கும் சுற்ற விட்டார்கள். தள்ளுவண்டியில் பழம் விற்ற ஏழை வியாபாரியின் வயிற்றில் அடித்தார்கள். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, தப்லீக் வழக்கில் வெளிநாட்டவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று சொல்லி வழக்குகளை ரத்து செய்தது. தீர்ப்பு வந்தது. இழந்த வியாபாரம் வந்ததா?

பொய் வீடியோவால் சுடப்பட்டவர்கள் நாம். அந்த நாமே இன்று வந்ததை வந்தபடி தள்ளிவிடுகிறோம் என்றால், அதைவிட வெட்கக்கேடு உண்டா? எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்ற மூன்றுக்கும் பதில் தெரியாத வீடியோ உங்கள் போனோடு நிற்கட்டும்!

பெண்களைப் படமெடுத்து மிரட்டிய கயவர்களைப் பொள்ளாச்சியில் கண்டோம். 2019-இல் வெளிவந்த அந்த வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதும், அதைப் பிறருக்கு அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். "நான் எடுக்கவில்லை, அனுப்பத்தான் செய்தேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

கேமரா பேசிய இடங்கள்

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய பென்னிக்ஸும் அவர் தந்தை ஜெயராஜும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்தார்கள். கடை முன்னால் தகராறு செய்தார்கள் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அங்கே இருந்த கேமராப் பதிவு காட்டியது. ஆனால் காவல் நிலையக் கேமராவோ, அன்றாடப் பதிவு அன்றாடம் அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர்நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். வணிகப் பெருமக்களே! கடைக்குக் கேமரா எதற்கு என்று இன்னுமா கேட்கிறீர்கள்?

2025 ஜூன் 28. நமக்குப் பக்கத்து மாவட்டத்தில், திருப்புவனம் அருகே மடப்புரத்தில், கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தார். அவர் அடிபடுவதை மறைந்திருந்து ஒருவர் செல்போனில் எடுத்தார். நடுங்கும் கையால் எடுத்த அந்தச் சில வினாடிகள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயின. வழக்கு சிபிஐ கைக்குப் போனது. அவரிடம் இருந்ததும் நம்மிடம் இருப்பது போன்ற ஒரு போன்தான்!

இனி என்ன செய்வது?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடையையோ வீட்டையோ போலீஸ் சோதனையிட்டால், சோதனையும் பொருள் கைப்பற்றுவதும் வீடியோவாகப் பதிவு செய்யப்பட வேண்டும். செல்போனே போதும் என்கிறது அந்தச் சட்டம். "பதிவு செய்கிறீர்களா ஐயா?" என்று பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்.

அநியாயத்தைப் படமெடுத்தால் வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள். எடுத்த போனையும் அதில் உள்ள மூலப் பதிவையும் பத்திரமாக வையுங்கள். நகலைக் கொடுத்தால் நீதிமன்றம் சான்றிதழ் கேட்கும். எடுத்தவரே மூலக் கருவியோடு வந்து சாட்சி சொன்னால் அது தேவையில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அதனால் பதிவு முதலில் போகவேண்டியது வழக்கறிஞரிடம், குரூப்புக்கு அல்ல.

இளைஞனே! தவணையில் போன் வாங்கி, தவணை முடியுமுன்னே அடுத்த போனுக்கு ஏங்குகிறாயே, எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறாயே, இதுவரை அதில் எடுத்த ஒரு படமாவது ஒரு ஏழைக்கு நியாயம் வாங்கித் தந்திருக்கிறதா? சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் வாய்மூடி நிற்பதும், பொய்ச்சாட்சி சொல்வதும் எவ்வளவு பெரிய பாவம் என்று சிறுவயதிலேயே படித்தவன் நீ. உன் விரல் அழுத்துகிற ஒவ்வொரு பொத்தானும் ஒரு சாட்சியம்தான்.

இன்றே உன் போனைத் திற. பொய்யை அழி. உண்மையைக் காத்து வை!