கொல்லைப்புறத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்

காய்ச்சல் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது கொசு. டெங்கு, மலேரியா குறித்துப் பல்லாண்டுகளாக நடைபெற்றுவரும் பரப்புரையின் பயன் அது. ஆனால் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற மலையடிவார ஊர்களில் தோப்பும் வயலும் புதரும் வீட்டு வாசல்வரை வந்து நிற்கின்றன. இங்கு வாழ்வோர் கொசுவைப் போலவே உண்ணியையும் அறிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல் தமிழகத்துக்குப் புதியதன்று. மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. நாய், மாடுகளின் உடலில் நாம் காணும் பெரிய உண்ணி இதைப் பரப்புவதில்லை. புல்லிலும் புதரிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய உண்ணியின் குஞ்சுகளே பரப்புகின்றன. கடித்தது தெரியாது. ஏறத்தாழ 6 முதல் 21 நாள்களுக்குள் காய்ச்சலும் கடுந்தலைவலியும் உடல்வலியும் தோன்றும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு உண்டாகலாம். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் அடிப்பகுதி என மறைவிடங்களிலேயே அது பெரும்பாலும் இருப்பதால், நோயாளியே அதை அறியாதிருப்பதுண்டு. கூச்சத்தால் காட்டாதிருப்போரும் உண்டு.

டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய எளிய மருந்துகளைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலோர் விரைவில் குணமடைவர். காலந்தாழ்ந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்படலாம். நோய் முற்றியவர்களைக் கொண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. இரு மருந்துகளையும் சேர்த்து நரம்புவழி செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைவிட நற்பயன் தந்தது. ஆயினும் இறப்பின் அளவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நோய் முற்றும் முன்னரே மருத்துவம் தொடங்குவது எத்துணை இன்றியமையாதது என்பதை இது உணர்த்துகிறது.

ஆகவே, காய்ச்சலோடு வருவோர் புல்லறுத்தது, விறகு பொறுக்கியது, தோப்பில் படுத்துறங்கியது, மலைக்குச் சென்றது ஆகியவற்றைக் கேட்கும் முன்னரே மருத்துவரிடம் கூற வேண்டும். முதியோரையும் குழந்தைகளையும் பராமரிப்போர் குளிப்பாட்டும்போது அவர்கள் உடலைப் பார்த்து, கரும்பொருக்கு இருந்தால் தெரிவிக்க வேண்டும்.

உழவையும் கால்நடையையும் நம்பி வாழ்வோர் புல்லை விட்டு விலகுவது எவ்வாறு என்று சிலர் கேட்பர். விலக வேண்டியதில்லை. வேலைக்குச் செல்கையில் முழுக்கைச் சட்டை அணிந்து, வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் துவைக்கப் போட்டாலே பெரும் பாதுகாப்பு. துணிகளைப் புல்மீது உலர்த்தாமல் கொடியில் உலர்த்துக. வீட்டையொட்டிய புல்லையும் புதரையும் குறைத்திடுக. விறகு, ஓலை, செங்கல் குவியல்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்திடுக. அவை எலிகளின் புகலிடம். எலியின் உடலே நுண்ணுண்ணிகளுக்கு உணவு. நீர்த்தொட்டிகளை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் கொசுவும் குறையும்.

நம் ஊரின் பெயரைத் தாங்கிய வெண்ணிற வேட்டை நாயை வளர்ப்போருக்கும் ஒரு சொல். நாய் உண்ணியும் வேறுவகைக் காய்ச்சலைப் பரப்பக்கூடும். நாயின் காதுகளிலும் விரலிடுக்குகளிலும் நாள்தோறும் உண்ணி தேடுக. விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். சுவர் வெடிப்புகளில் அது முட்டையிடுவதால் அவற்றைப் பூசி அடைத்தல் நலம்.

நாங்கள் அஞ்சுவது மற்றொன்று: பருத்திக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியைச் சிலர் நாய்மீதும் கொட்டிலிலும் தெளிப்பது. அது தோல்வழியே உடலில் புகும் நஞ்சு. குழந்தைகளும், நோயிலிருந்து தேறி வருவோரும் இருக்கும் வீட்டில் உண்ணியைவிடக் கொடியது அதுவே. கால்நடை மருத்துவர் தரும் மருந்தை மட்டும், அவர் கூறும் அளவில் பயன்படுத்துக.

மருத்துவமனையிலிருந்து நோயாளி வீடு திரும்பும் முன்னர் உறவினர்கள் அறையைத் தூய்மை செய்வது வழக்கம். அத்தூய்மை கொல்லைப்புறம் வரை நீளட்டும்.