பெங்குவினோடு திரும்பிவிடலாமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் பைகுல்லா ஸ்டேஷனில் இறங்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தாராவி, சயான், செம்பூர் என்று பல பகுதிகளில் இருந்தும் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு ராணி பாக் வருகிறார்கள். குழந்தைகள் பெங்குவினைப் பார்க்கிறார்கள். ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். மாலையில் வண்டி ஏறிவிடுகிறார்கள்.

பக்கத்திலேயே நிற்கும் டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் படி ஏறுகிறவர்கள் மிகச் சிலரே. "காசு கொடுத்து உடைந்த பானையைப் பார்ப்பதா?" என்பது பல தகப்பனார்களின் எண்ணம். அது தவறான கணக்கு. உள்ளே இருப்பது அவர்கள் பிழைக்க வந்த ஊரின் கதை.

1872-ல் திறக்கப்பட்ட கட்டடம் அது. பாழடைந்து கிடந்ததைச் செப்பனிட்டு 2008-ல் மீண்டும் திறந்தார்கள். வேலைப்பாடு மிகுந்த இரும்புத் தூண்களையும் தங்கப் பூச்சையும் பார்த்தாலே குழந்தைகள் வாய் பிளப்பார்கள். பழைய பம்பாயின் தொழிலாளர்களும் பல சாதி மக்களும் களிமண் பொம்மைகளாக நிற்பதைக் கண்டால், "அப்பா, கொலு!" என்று கூவுவார்கள். ஏழு தீவுகளாகக் கிடந்த இடம் எப்படி ஒரே நகரமாயிற்று என்பதையும் அங்கே கேட்டறியலாம். வெளியே தோட்டத்தில், எலிபண்டா தீவுக்கு அந்தப் பெயரைத் தந்த கல் யானையே நிற்கிறது.

அருங்காட்சியகத்துக்குப் பெயர் தந்த பாவு தாஜியும் பம்பாயில் பிறந்தவர் அல்ல, கோவாவில் பிறந்தவர். மகனின் படிப்புக்காகப் பம்பாய் வந்த அவருடைய தந்தை களிமண் பொம்மை விற்றுப் பிழைத்தார். மகன் பெரிய டாக்டரானார். 1975-ல் அவர் பெயரையே அருங்காட்சியகத்துக்குச் சூட்டினார்கள். கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைக்கும் தகப்பனுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு என்ன வேண்டும்?

இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளையின் நிலைமை என்ன? பள்ளியில் 'மதராசி' என்று கேலி செய்கிறார்கள். லீவுக்குத் திருநெல்வேலி போனால் 'பம்பாய்க்காரன்' என்கிறார்கள். எந்த ஊரைத் தன் ஊர் என்று சொல்வது என்று அதற்குத் தெரியவில்லை. தென்னிந்தியரை விரட்டக் கிளம்பிய 1960-களின் கிளர்ச்சியைக் கண்ட பெரியவர்களுக்கு இந்த வேதனை புதிதல்ல. "நாமும் இந்த ஊரை உண்டாக்கியவர்கள்தான்" என்று பிள்ளை சொல்ல வேண்டுமானால், ஊரின் வரலாறு அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியே சொல்லிவிடாது. 1871-ல் ராய்ச்சூரில் தண்டவாளம் இணைந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் ரயில் வழி பிறந்தது. அதற்கு மறு ஆண்டு திறந்ததுதான் இந்தக் கட்டடம். அந்த வழியில் வந்தவர்கள் தாராவியில் தோல் பதனிட்டார்கள். மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் இரும்படித்தார்கள். இதைச் சொல்ல வேண்டியவர் தகப்பனார்.

மராத்தியும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளை, அங்கே எழுதியிருப்பதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டட்டும். தாத்தா எந்த ரயிலில் வந்தார், முதல் நாள் எங்கே படுத்தார் என்பதை அப்பா சொல்லட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகும்.

புதன்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். அடுத்த முறை பெங்குவினைப் பார்த்த கையோடு, ஒரு மணி நேரம் அந்தப் படியும் ஏறட்டும். பிள்ளைக்கு ஓர் ஊர் கிடைக்கும்.