தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதுமா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாமா, தேர்தலைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் ஒரு ரேடியேட்டரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. சிரிக்க வேண்டாம். அந்த ரேடியேட்டர் எனக்குக் கற்றுக் கொடுத்ததை எந்த வைவாவிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

போன லீவில் பெரம்பலூர் - அரியலூர் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு டிரெயினிங் போயிருந்தேன். அங்கே ஒரு வாடகைக் கார் வந்தது. ஓட்டுகிறவர்தான் ஓனரும். "தம்பி, தெனம் காலையில ஒரு பாட்டில் தண்ணி குடிக்குது. அப்படியும் முள்ளு மேல ஏறிடுது" என்றார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அனுப்பினோம். பத்து நாளில் திரும்பி வந்தார். ரேடியேட்டர் மூடியை மாற்றினோம். மறுபடியும் வந்தார். ஃபேன் மோட்டாரை மாற்றினோம். மூன்று தடவையும் முகம் சுளிக்காமல் பணம் கொடுத்தார். நான்காவது தடவை கார் தானாக வரவில்லை, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டயாலிசிஸுக்காகத் திருச்சி போகிற ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு போனபோது பாடாலூர் தாண்டி நின்றுவிட்டதாம். அந்தப் பெரியவர் வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்து வேறு வண்டிக்குக் காத்துக்கிடந்தாராம். பிரித்துப் பார்த்தால் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது, ஹெட்டும் வளைந்திருந்தது.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தடவையே எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டு வெந்நீர் அண்டாவில் படிகிற மாதிரி ரேடியேட்டர் வாய்க்குள் வெள்ளையாகப் படிந்திருந்தது. மேல் ஹோஸில் கை வைக்க முடியாத சூடு, கீழ் ஹோஸோ வெறும் வெதுவெதுப்பு. ரேடியேட்டருக்குள் அடைப்பு என்பதற்கு அது நல்ல அடையாளம். வாட்டர் பம்பின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு இறங்கியிருந்தது, பம்ப் சீல் ஒழுகுகிறது என்று அர்த்தம். எல்லாம் கண்ணில் பட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. முதல் வாரமே "புஸ்தகத்துல படிச்சதெல்லாம் இங்க பேசாதே" என்று வாங்கிக் கட்டியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். வேலை தெரிந்த பெரியவர்கள் முன்னால் வாய் திறந்து பழக்கமும் இல்லை.

என் கருத்து இதுதான். தினமும் தண்ணீர் ஊற்றுவது பராமரிப்பு அல்ல, அதுவே நோயின் அடையாளம்! கார் என்ஜினின் கூலிங் சிஸ்டம் மூடிய வட்டம். அந்த மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. சூட்டில் விரிகிற தண்ணீர் பக்கத்து டேங்குக்குப் போய், ஆறியதும் திரும்பி வந்துவிடும். தினமும் பாட்டில் கணக்கில் குறைகிறது என்றால் ஒன்று வெளியே ஒழுகுகிறது, இல்லை கேஸ்கெட் வழியாக என்ஜினுக்குள் போகிறது. "எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்கிறோமே தவிர, "ஏன் குறையுது?" என்று யாராவது கேட்கிறோமா?

நம்ம பக்கத்தில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். கல்மரம் பார்க்க சாத்தனூருக்கு டூர் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? 18 மீட்டர் நீளமுள்ள அந்தக் கல்மரத்தை 1940-இல் கண்டறிந்தவர் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். பல கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லைத் தோண்டித்தான் அரியலூரில் சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. அதே சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் போர் தண்ணீரும் மேலே வருகிறது. முதல் வருஷக் கெமிஸ்ட்ரியை நினைத்துப் பாருங்கள். கால்சியம் பைகார்பனேட் கரைந்த தண்ணீரைச் சூடாக்கினால் கால்சியம் கார்பனேட் படியும். தற்காலிகக் கடினத்தன்மை என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோமே, அதேதான்! இரும்பு கடத்துகிற வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அந்தப் படிவு கடத்தாது. ஒரு தடவை ஊற்றிய தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு கொஞ்சம்தான், படிந்ததோடு தீர்ந்துவிடும். தினம் ஒரு பாட்டில் புதுத் தண்ணீர் என்றால் தினமும் புதுச் சுண்ணாம்பு. ஆக, அந்தக் காரில் முதல் குற்றவாளி பம்ப் ஒழுகல், இரண்டாவது அதை மறைக்க ஊற்றிய போர் தண்ணீர். நாங்கள் மாற்றிய மூன்று சாமானும் நிரபராதிகள்!

முதலில் நோய், பிறகு அதன் காரணம், அதற்குப் பிறகுதான் மருந்து என்று வள்ளுவரே வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறார். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஓட்டுநரிடம் நாலு கேள்வி கேட்டால் காசா பணமா? டவுனில் ஊர்ந்து போகும்போது சூடாகி, ஹைவேயில் சரியாகிவிட்டால் ஃபேனைப் பாருங்கள். ஃபியூஸ், ரிலே, டெம்பரேச்சர் ஸ்விட்ச் பார்த்த பிறகுதான் மோட்டார். வேகத்திலும் லோடிலும் மட்டும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப் பக்கம் போங்கள். உள்ளே மட்டுமல்ல, வெளியே ஃபின்களில் சிமென்ட் தூசி அடைத்திருந்தாலும் இதே கதைதான். ஆறின என்ஜினை மூடி திறந்து ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். முள் ஏறுகிறது, ஆனால் சூட்டுக்கு வேறு அடையாளமே இல்லை என்றால் சென்சாரையும் பார்த்துவிடுங்கள். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் தப்பு. அலுமினியம் இரும்பைப் போல் இரண்டு மடங்கு விரிந்து சுருங்கும். ஹெட் வளையாமல் என்ன செய்யும்?

"நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. வெளியே வெயில் அடித்தாலும் என்ஜினுக்கு அதனுடைய சூடு வேண்டும். சீக்கிரம் சூடாகாவிட்டால் டீசல் கூடுதலாகத் தின்னும், சிலிண்டர் தேயும். பல என்ஜின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் தெர்மோஸ்டாட்தான். அதைப் பிடுங்கினால் சுடுதண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமலே திரும்பிச் சுற்றி, சூடு இன்னும் ஏறும். சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டுச் சூடாக்குங்கள். தெர்மாமீட்டர் 82 டிகிரியோ, அதன்மேல் அடித்திருக்கிற வேறு டிகிரியோ காட்டும்போது திறக்க ஆரம்பித்தால் நல்லது, கொதித்தும் திறக்காவிட்டால் கெட்டது. பத்து நிமிஷ வேலை!

இதனால் மெக்கானிக் அண்ணன்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் என்று சொல்கிற காது நமக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆகும். சவாரி காத்திருக்கிறது என்று ஓனர் அவசரப்படுத்தும்போது நிதானமாகக் காரணம் தேட அவர்களுக்கு நேரம் ஏது? ஹெட்டைப் பிரித்த அன்று சாயந்திரம் நான் பார்த்ததையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டாவது தடவையே சொல்லியிருக்கலாமேடா" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

"கூலன்ட் எல்லாம் பணக்காரன் சமாச்சாரம்" என்று அந்தக் கார் ஓனரும் சொல்லியிருந்தார். பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். கம்பெனி புத்தகம் சொல்கிற காலத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். துருவையும் தடுக்கும். ஒரு சிலிண்டர் ஹெட்டின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பணக்காரச் சமாச்சாரம் என்று தெரியும். ஒன்று மட்டும் கவனம்: அது இனிக்கிற விஷம். குழந்தைகள், நாய், ஆடு மாடு வாய் வைக்கிற இடத்தில் வைக்கக் கூடாது.

கடைசியாக யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோடை தொடங்குவதற்குள் நம்ம காலேஜ் வாசலில் ஒருநாள் முகாம் போடுவோம். ஓட்டுநர்கள் ஆளுக்கு ஒரு பாட்டிலில் தாங்கள் ஊற்றுகிற தண்ணீரைக் கொண்டு வரட்டும். முதல் வருஷத் தம்பி தங்கைகள் கெமிஸ்ட்ரி லேபில் இடிடிஏ டைட்ரேஷன் செய்து கடினத்தன்மையைச் சொல்லட்டும். ஆட்டோமொபைல்காரர்கள் நாம் ஹோஸ், பெல்ட், பம்ப், ஃபேன் பார்த்து ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்போம். பெரிய செலவில்லை. ரெக்கார்டு நோட்டில் தூங்குகிற பாடம் ரோட்டுக்கு வரும்.

சாமானை மாற்ற யாரும் கற்றுக்கொள்ளலாம் நண்பர்களே. 'ஏன்?' என்று கேட்கவும், தெரிந்ததைத் தக்க நேரத்தில் மரியாதையாகச் சொல்லவும்தானே நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்? நான் ஒரு தடவை சொல்லாமல் இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்!

- ஆட்டோமொபைல் மூன்றாம் ஆண்டு மாணவன்