வெளி உணவு என்பது எது?

ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் திருவனந்தபுரத்துக்கு வரும் வேன்களின் பின்னிருக்கையில் ஒரு தூக்குவாளியோ எவர்சில்வர் அடுக்கோ தவறாமல் இருக்கும். புளியோதரை, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பொட்டலம் ஊறுகாய். வெளியே வாங்கிச் சாப்பிட்டால் பிள்ளைகளின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் யாரோ விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கட்டிய சோறு அது. மிருகக்காட்சிசாலை, சங்குமுகம் கடற்கரை என்று சுற்றுகிற குடும்பம் அதை எங்காவது ஒரு மரத்தடியில் பிரித்துவிடும். பயணம் நீர்விளையாட்டுப் பூங்கா ஒன்றின் வாசலில் முடியும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பைகள் திறக்கப்படுகின்றன. அடுக்கு தனியே எடுத்து வைக்கப்படுகிறது. பலகையில் எழுதியிருப்பது ஒரே வரி: வெளி உணவுக்கு அனுமதி இல்லை.

மொழியியல் படித்தவர்கள் இந்தப் பலகையின் முன் சற்று நிற்பது நல்லது. வீட்டில் ‘வெளிச் சாப்பாடு’ என்றால் உணவகத்துச் சாப்பாடு. பூங்காவின் வாசலில் ‘வெளி உணவு’ என்றால் வீட்டுச் சாப்பாடு. மலையாளப் பலகையில் ‘புறத்துநின்னுள்ள பக்ஷணம்’ என்று எழுதினாலும் கதை இதுவே. ‘வெளி’ என்பது பொருளைச் சுட்டும் சொல் அன்று. பேசுபவர் நிற்கும் இடத்தைச் சார்ந்து பொருள் மாறும் சொல். நுழைவுச்சீட்டு கிழிக்கப்படும் கணத்தில் அந்த இடம் கைமாறுகிறது. வீட்டை நடுவாக வைத்து ‘உள்’, ‘வெளி’ என்று பகுத்துவந்த குடும்பம், அடுத்த எட்டு மணி நேரத்துக்குப் பூங்காவை நடுவாக வைத்துப் பகுக்கவேண்டியிருக்கிறது. காலையில் கட்டிய சோறு, யாரும் தொடாமலே, அயலானது ஆகிவிடுகிறது.

பொழுதுபோக்குப் பூங்காக்களின் உணவை ஒப்பிடும் எழுத்து உலகெங்கும் ஏராளமாக உண்டு. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 1971இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டும், 1990இல் அதற்குப் போட்டியாக வந்த யூனிவர்சலும் அந்த எழுத்தின் நிலையான களங்கள். டிஸ்னி தன் விடுதிகளில் தங்குவோருக்கு முன்கூட்டியே பணம் செலுத்தும் உணவுத் திட்டம் ஒன்றை விற்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன அது 2024 ஜனவரியில் திரும்ப வந்தது. அதை வாங்கினால் லாபமா, தனித்தனியே வாங்கிச் சாப்பிட்டால் லாபமா என்று அட்டவணை போட்டுக் கணக்கிடும் ஆர்வலர்கள் பெருங்கூட்டமாக இருக்கிறார்கள். எந்தப் பூங்காவில் பர்கர் சுவை, எங்கே பகுதியளவு பெரிது, எங்கே குழந்தைத் தட்டு மலிவு என்றெல்லாம் நுணுகி எழுதுகிறார்கள். கொச்சியின் வொண்டர்லாவையும் (2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது இது) அதன் பெங்களூரு, ஹைதராபாத், சென்னைக் கிளைகளையும் இதே முறையில் எடைபோடும் இளைஞர்கள் இப்போது நம் பக்கமும் பெருகிவிட்டார்கள்.

இந்த ஒப்பீடுகள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. தட்டின் விலை என்ன என்பது இரண்டாவது கேள்வி. தட்டை வாங்காமல் இருக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. ஆர்லாண்டோவின் இரு போட்டியாளர்களுக்கும் உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. டிஸ்னியில் கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாதவரை பார்வையாளர் தம் உணவைத் தாமே கொண்டுபோகலாம். விரைவு உணவகங்களில் கேட்டால் ஒரு குவளைக் குளிர்ந்த நீர் இலவசமாகத் தருகிறார்கள். யூனிவர்சல் தண்ணீர்ப் புட்டியையும் சிறு தின்பண்டங்களையும் குழந்தை உணவையும் மட்டும் ஏற்கிறது, கட்டுச்சோற்றை ஏற்பதில்லை. வீட்டு ரொட்டி ஒன்று பையில் இருக்கிறவருக்குப் பர்கரின் விலை ஒரு யோசனை மட்டுமே. அது இல்லாதவருக்கு அந்த விலை ஒரு கட்டளை. ஒரே விலைப்பட்டியல் இரண்டு இடங்களில் இரண்டு பொருள் கொள்கிறது என்பதை அட்டவணைகள் காட்டுவதில்லை.

மலையாளிகள் ‘முதலாவுமோ’ என்று கேட்பார்கள். போட்ட முதல் திரும்புமா என்பது அதன் அடி. தமிழர் ‘கட்டுபடியாகுமா’ என்பார்கள். நம் நிலைமைக்குத் தாங்குமா என்பது அதன் உட்பொருள். முதல் கேள்வியில் பண்டமும் விலையும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டாவதில் வாங்குபவரும் நிற்கிறார். பூங்கா உணவைப் பற்றிய விவாதம் எப்போதும் ‘முதலாவுமோ’ அளவிலேயே நின்றுவிடுகிறது. நுழைவுக்கே ஒரு மாதச் சேமிப்பைச் செலவிட்டு வந்த ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மதியச் சோறு கட்டுபடியாகுமா என்பதை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

வெளி உணவைத் தடுப்பது சட்டப்படி சரியா என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று திரையரங்குகள் தொடர்பாக அளித்த தீர்ப்பு. திரையரங்குக்குள் பார்வையாளர் சொந்த உணவு கொண்டுசெல்வதைத் தடுக்கக் கூடாது என்று ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018இல் இட்ட ஆணையைத் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி பி.எஸ். நரசிம்மா அமர்வு நீக்கியது. திரையரங்கு தனியார் சொத்து. பொதுநலனுக்கு எதிராக இல்லாதவரை உரிமையாளர் நிபந்தனை விதிக்கலாம். உள்ளே விற்பதை வாங்கும்படி யாரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது அதன் சாரம். ஜிலேபி தின்றவர் பிசுக்கு விரலை இருக்கையில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்ற கேள்வியும் விசாரணையின்போது எழுந்து நாளிதழ்களில் புகழ்பெற்றது. கூடவே, இலவசக் குடிநீர் தரவேண்டும், பெற்றோர் கைக்குழந்தைக்குத் தேவையான உணவைக் கொண்டுவரலாம் என்பதும் அங்கே பதிவானது. பூங்காக்களுக்காக வாதிடுவோர் முற்பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பின் அச்சாணி ‘கட்டாயமில்லை’ என்ற சொல். மூன்று மணி நேரப் படத்துக்கு அது பொருந்தும். சோளப்பொரி இல்லாமல் படம் பார்த்தவர் எவரும் மயங்கி விழுந்ததில்லை. காலை பத்தரைக்கு உள்ளே போய் மாலை ஆறுக்கு வெளியே வரும் இடத்தில், அதிலும் நாள் முழுவதும் தண்ணீரில் ஆடிக் களைத்த எட்டு வயதுப் பிள்ளையிடம், கட்டாயமில்லை என்று சொல்லிப் பார்க்கலாம். நடுவில் வெளியே போய் உண்டு திரும்ப வழியில்லை என்றால் கட்டாயத்தைத் தனியே எழுதி ஒட்டவேண்டிய அவசியமே இல்லை. பசி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. திரையரங்குத் தீர்ப்பைப் பூங்காவுக்கு அப்படியே நீட்டுவோர் கால அளவு என்ற ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற கருத்தை முதன்முறையாகக் கொண்டுவந்தது; அத்தகைய முறையீடுகளை மாநில ஆணையமே விசாரிக்கலாம் என்றும் வகுத்தது. கேரளத்தின் மாநில ஆணையம் இருப்பது இதே நகரத்தில், வழுதக்காட்டில். நுழைவுச்சீட்டின் பின்பக்கத்துப் பொடியெழுத்து நிபந்தனைகள் அந்தப் பிரிவின்கீழ் உரசிப் பார்க்கத் தகுந்தவை.

சீனத்தில் ஒருவர் உரசிப் பார்த்தார். 2016இல் திறக்கப்பட்ட ஷாங்காய் டிஸ்னிலேண்ட், அடுத்த ஆண்டே வெளி உணவைத் தடைசெய்தது. 2019 ஜனவரியில் ஒரு சட்டக் கல்லூரி மாணவி 46 யுவான் சொச்சம் மதிப்புள்ள தின்பண்டங்களோடு போய் வாசலில் நிறுத்தப்பட்டார். வழக்குத் தொடுத்தார். அமெரிக்காவிலும் பிரான்சிலும் உள்ள டிஸ்னி பூங்காக்கள் அனுமதிப்பதை ஆசியாவில் உள்ளவை மட்டும் ஏன் மறுக்கின்றன என்று சீன ஊடகங்கள் கேட்கத் தொடங்கின. அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டது. மாணவிக்கு 50 யுவான் கிடைத்தது. பூங்கா விதியை மாற்றிக்கொண்டது. சூடாக்கவேண்டிய பண்டங்களும் துரியான்போல் மணம் வீசுபவையும் மட்டும் விலக்கப்பட்டன. தொகை அற்பம். ஆனால் ஆராய்ச்சி உதவித்தொகையில் வாழும் கூட்டம் மனத்தில் வைக்கவேண்டிய வழக்கு இது: வழக்கைத் தொடுத்தவர் மாணவி, சாட்சிப் பொருள் நொறுக்குத்தீனி.

பூங்காக்காரர் தரப்பில் நியாயமே இல்லை என்பதல்ல. குளத்தில் மிதக்கும் சோற்றுப்பருக்கையும் பிளாஸ்டிக் உறையும் உண்மையான தொல்லைகள். வெயிலில் கெட்ட உணவைத் தின்று பிள்ளை வாந்தியெடுத்தால் பழி பூங்காவின் மேல் விழும் என்ற அச்சமும் பொய்யில்லை. சவாரிகளைப் பராமரிக்கும் செலவை நுழைவுக் கட்டணம் மட்டும் ஈடுகட்டாது, உணவு வருவாயும் சேர்ந்தால்தான் நுழைவு இந்த அளவிலாவது மலிவாக இருக்கும் என்பது கொஞ்சம் வலுவான வாதம். ஆனால் இவற்றில் முதல் இரண்டுக்கும் மருந்து உண்ணுமிடத்தை ஒதுக்குவது. உணவையே ஒதுக்குவது அன்று. தோக்கியோ டிஸ்னிலேண்ட் உள்ளே அனுமதிப்பதில்லை என்றாலும் வாயிலுக்கு வெளியே உட்கார்ந்து உண்ண ஓர் இடத்தை ஏற்படுத்தி வைத்திருக்கிறது. மூன்றாவது வாதத்தை ஏற்றுக்கொண்டால் பூங்கா அதை வெளிப்படையாக நுழைவுக் கட்டணத்தில் சேர்த்துவிடட்டும். வாசலில் ஒரு விலை, நடுப்பகலில் பசியின் முன் இன்னொரு விலை என்று பிரித்து வாங்கும்போது முன்கூட்டித் திட்டமிட இயலாதவர்தாம் அதிகம் கொடுக்கிறார்கள்.

அகப்பட்ட வாங்குபவரைக் கையாளுவது இந்த நாட்டுக்குப் புதியதும் இல்லை. ரயில் நிலையத்தில் விற்கும் ‘ரயில் நீர்’ லிட்டருக்கு 15 ரூபாயாக இருந்து 2025 செப்டம்பரில் 14 ஆனது. அதை வாங்காதவர் வீட்டுப் புட்டியிலிருந்து குடிப்பதை எந்தப் பரிசோதகரும் தடுப்பதில்லை. ரயிலில் கட்டுச்சோறு பிரிக்கும் உரிமையை யாராவது பறித்தால் தென் மாவட்டங்களில் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. விமான நிலைய உணவு விலைகள் குறித்து முணுமுணுப்பு வளர்ந்தபின் 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் பிறகு சென்னையிலும் பத்து ரூபாய்க்குத் தேநீர் தரும் ‘உடான் யாத்ரி’ கடைகள் திறந்தன. அடுத்திருக்கும் விலையுயர்ந்த கடைகள் அதனால் மூடிப்போய்விடவில்லை.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இன்னும் அருகிலேயே ஓர் ஒப்பீடு உண்டு. தம்பானூர்ப் பேருந்து நிலையத்தையொட்டி லாரி பேக்கர் கட்டிய, சரிவாகச் சுழன்று ஏறும் செங்கல் கோபுரத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இயங்குகிறது. காபி வாரியம் கைவிட்ட கடைகளின் தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவாகத் திரண்டு நடத்தத் தொடங்கியவை இவை. கேரளத்தின் முதல் கிளை 1958இல் திருச்சூரில் வந்தது. பீட்ரூட் நிறத்தில் சிவந்த மசால்தோசை எல்லார் நாக்குக்கும் ஒத்துவருவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர் முகம் சுளிப்பதும் உண்டு. சுளித்தவர் எழுந்து சாலையைக் கடந்து வேறு கடைக்குப் போகலாம். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில் ‘வெளியேறுதல்’ என்று பெயரிட்டது இதைத்தான். காபி ஹவுஸ் விலையைத் தாழ்த்தி வைத்திருப்பதில் கூட்டுறவின் கொள்கைக்குப் பங்கு உண்டு. எதிர்ச்சாரியில் இருக்கும் கடைகளுக்கும் உண்டு. பூங்காவுக்குள் எதிர்ச்சாரி என்று ஒன்று இல்லை. உள்ளே ஆறு உணவகங்கள் இருந்தாலும் அவற்றின் கல்லாப்பெட்டி பெரும்பாலும் ஒன்றே.

ஆகவே அடுத்த முறை எவராவது இரு பூங்காக்களின் உணவை ஒப்பிட்டு மதிப்பெண் இடும்போது பிரியாணியின் அளவுக்கு முன்னால் வேறு சிலவற்றுக்கு இடம் ஒதுக்கலாம். குடிநீர்க் குழாய் எத்தனை இடத்தில் இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது. கையில் முத்திரை குத்தி மதியம் வெளியே விட்டுத் திரும்ப ஏற்கிறார்களா. நீரிழிவுக்காரரின் டப்பாவையும் கைக்குழந்தையின் கஞ்சியையும் காவலர் விவாதமில்லாமல் விடுகிறாரா. விலைப்பட்டியல் நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே தொங்குகிறதா, தட்டு கைக்கு வந்தபின்தான் தெரிகிறதா.

இப்போதைக்குக் குடும்பங்கள் தங்களுக்கு ஒரு வழி கண்டுவைத்திருக்கின்றன. பூங்கா திறப்பதற்கு அரைமணி முன்பே வண்டி நிறுத்துமிடத்தில் வேனின் பின்கதவைத் திறந்து, அடுக்கைப் பிரித்து, பசிக்காத வேளையில் புளியோதரையை நின்றபடியே உண்டுவிடுகிறார்கள். தயிர்ச்சோறு மட்டும் மாலைக்கு என்று வண்டிக்குள்ளேயே இருந்துவிடுகிறது. ஆறு மணிக்கு ஈரத் தலையோடு வரும் பிள்ளைகள் அதைத் திறந்தால், நாள் முழுவதும் வெயிலில் நின்ற வண்டிக்குள் அது நன்றாகப் புளித்திருக்கும்.